இரண்டு காபரேட்டர்களும் நான் வாசிக்காமல் விட்ட பக்கமும்

மகன்,

நீ போனில் கேட்ட, நான் அளவுகள் எழுதி வைத்த கொப்பி கிடைத்துவிட்டது. அது என் தையல் மெஷின் பெட்டிக்குள் இருந்தது. அங்கேதான் இருக்கிறது என்று எனக்கு இருபது வருடமாகத் தெரியும். "தேடிப் பாக்கிறன்" என்று உன்னிடம் சொன்னது பொய். அந்தப் பொய்யிலிருந்தே இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன். போனில் சொல்லப் போனால் நீ ஏதாவது பகிடி விட்டு என்னை வேறு கதைக்குத் திருப்பிவிடுவாய். எழுதினால் முடியும் வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

போன மாதம் உன் நிச்சயதார்த்தச் சாப்பாட்டுக்குத் தர்ஷினி வீட்டார் எல்லாரும் நம் வெள்ளவத்தை வீட்டில் கூடியிருந்தபோது நீ அந்தக் கதையைச் சொன்னாய். உனக்குப் பத்து வயதில் அப்பா பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையில் ஒரு பெரிய காபரேட்டர் வாங்கி வந்ததையும், அதைப் பூட்டினால் நம் பழைய கார் பறக்கும் என்று சொன்னதையும், அம்மா ஒரு வக்யூம் கிளீனரையும் பிஸ்கட் டின்னையும் வைத்து இரண்டு காபரேட்டர்களின் காற்றையும் அளந்து, எல்லார் முன்னாலும் கொப்பியை வாசித்து அவரைத் தோற்கடித்ததையும் சொன்னாய். "அண்டைக்குத்தான் நான் எஞ்சினியர் ஆகிறதெண்டு முடிவெடுத்தனான். ஆர் சத்தமாக் கதைக்கினம் எண்டதில்ல, ஆரிட்ட அளவு இருக்கு எண்டதுதான் முக்கியம்" என்று நீ சொன்னபோது தர்ஷினி உன்னைப் பெருமையோடு பார்த்தாள். நான் உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் சிரித்தபடி சம்பந்தியின் தட்டில் கத்தரிக்காய்க் கறி வைத்துக்கொண்டிருந்தார். இந்தக் கதை சொல்லப்படும் ஒவ்வொரு தடவையும் அவர் யாருக்காவது எதையாவது பரிமாறிக்கொண்டிருப்பார். நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய். இப்போது அந்தக் கொப்பியைச் சட்டம் போட்டு உங்கள் புது வீட்டுச் சுவரில் மாட்டப் போகிறாய் என்கிறாய். மாட்டுவதற்கு முன் அதில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

பச்சைக் கார் நம்மிடம் வந்தது நீ பிறப்பதற்கு முந்திய வருடம். அப்போதே அது கிழட்டுக் கார்தான். இங்கிலாந்தில் செய்தது, இரண்டு கதவு, வலப்பக்கத் தரையில் ஒரு துளை. மழை நாளில் அந்தத் துளையால் றோட்டுத் தண்ணீர் பீச்சியடிக்கும் என்று ஒரு றப்பர் விரிப்பை மடித்துப் போட்டிருந்தோம். அப்பா கொட்டாஞ்சேனையில் பிறந்து துறைமுகச் சத்தத்தில் வளர்ந்தவர். கப்பல் ஊதுவதை வைத்தே எந்தக் கப்பல் என்று சொல்லிவிடுவார் என்று அவருடைய கூட்டாளிகள் சொல்வார்கள். எஞ்சினையும் அவர் காதால்தான் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் பூசைக்குப் போவோமே, காலிமுகத் திடலில் கடல் தெரியத் தொடங்கியதும் கண்ணாடியை இறக்கிவிட்டு, "இஞ்ச, எஞ்சின் என்ன சொல்லுது, கேளும்" என்பார். நான் காதைக் கொடுத்துக் கேட்பேன். எனக்கு ஒன்றும் விளங்காது. "நல்லாத்தானே இருக்கு" என்பேன். "இல்லயப்பா, மூண்டாவது சிலிண்டர் கொஞ்சம் கோவமா இருக்கு" என்பார். நீ பின் சீற்றில் நித்திரை. கோயில் வாசலில் உன்னை எழுப்பும்போது சீற்று றெக்சினின் கோடுகள் உன் கன்னத்தில் பதிந்திருக்கும். என் கலியாண வாழ்க்கையில் எது நல்ல காலம் என்று யாராவது கேட்டால், அந்த அரை மணித்தியாலப் பயணங்களைத்தான் சொல்வேன்.

நான் அப்போது இரத்மலானையில் மின்விசிறி செய்யும் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தேன். காலையில் கடலோர ரயிலில் போய், பின்னேரம் அதே ரயிலில் உப்புக் காற்றோடு திரும்புவேன். ஒரு விசிறி எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது என்று அளப்பதுதான் என் வேலை. நாள் முழுக்கக் காற்றை எண்ணாக மாற்றிக்கொண்டிருந்த எனக்கு, அப்பா கண்ணை மூடிக்கொண்டு "கோவமா இருக்கு" என்று சொல்வது ஆச்சரியமாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. அவர் சொல்வது அநேகமாகச் சரியாக வந்துவிடும் என்பதுதான் எரிச்சலுக்குக் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

உனக்குப் பத்து வயதான அந்த வருடம் பழைய கார்கள் வைத்திருந்த சிலர் சேர்ந்து கடுகண்ணாவை மலை ஏற்றத்தில் கார்களை ஏற்றி, கண்டிக்குப் போய் வருவதாகத் திட்டம் போட்டார்கள். அப்பாவோடு கப்பல் கொம்பனியில் வேலை செய்த இரண்டு பேரும் அதில் சேர்ந்திருந்தார்கள். அதற்காகத்தான் அவர் அந்தப் பெரிய காபரேட்டரை வாங்கினார். பழைய துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருவதுபோல் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். உனக்குத் தெரிந்ததுதான், தர்ஷினியும் வாசிப்பாள் என்பதால் எழுதுகிறேன்: காபரேட்டர் என்பது நடுவில் கழுத்து ஒடுங்கிய ஒரு குழாய். எஞ்சின் மூச்சை இழுக்கும்போது காற்று அந்தக் கழுத்தால் விரைந்து போகும். அந்த விரைவுதான் பெற்றோலை உறிஞ்சிப் பனிபோலத் தூவும். கழுத்து அகலமாக இருந்தால் நிறையக் காற்றுப் போகும். ஆனால் எஞ்சின் மெதுவாக ஓடும்போது அந்த அகலத்தில் காற்று சோம்பிப் போய்விடும், பெற்றோல் சரியாக எழும்பாது, கார் இருமும். கழுத்துச் சின்னதாக இருந்தால் மெதுவான ஓட்டத்துக்கு நல்லது. ஆனால் ஏற்றத்தில் எஞ்சின் பெருமூச்சு விடும்போது அது தொண்டையைப் பிடிக்கும்.

நான் அளந்தது ஒரு சனிக்கிழமைப் பின்னேரம். மேல்மாடிக்காரரிடம் வக்யூம் கிளீனரை இரவல் வாங்கினேன். தொழிற்சாலையிலிருந்து காற்றின் வேகம் பார்க்கும் சின்ன மானியைக் கேட்டு எடுத்து வந்தேன். பிஸ்கட் டின் மூடியில் துளை வெட்டிக் காபரேட்டரை அதன்மேல் இருத்தி, மறுபக்கத்தால் காற்றை இழுத்தேன். டின்னில் இன்னொரு துளையைக் காட்போட் துண்டால் திறந்து மூடினால் இழுவையைக் கூட்டிக் குறைக்கலாம். கழுத்தில் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்க்க, சிவப்பு மை கலந்த தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் குழாய் ஒன்று. நீ பக்கத்தில் இருந்து "ஏறுது, ஏறுது" என்று கத்திக்கொண்டிருந்தாய். மெதுவான இழுவையில் காரில் ஏற்கெனவே இருந்த சின்னக் காபரேட்டருக்குத் தண்ணீர் நன்றாக ஏறியது. பெரியதற்கு அசையவே இல்லை. அதை முதற் பக்கத்தில் எழுதினேன். பிறகு நீ விளையாடப் போய்விட்டாய். நான் தனியே துளையை முழுக்க மூடி, முழு இழுவையில் திரும்ப அளந்தேன். அந்த இழுவையில் பெரியது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலான காற்றை விட்டது. சின்னது மூச்சடைத்து நின்றது. மூன்று தரம் பார்த்தேன். மூன்று தரமும் அதுதான். அதை அடுத்த பக்கத்தில் எழுதினேன். எழுதி முடித்ததும் அந்தத் தாளையும் அதற்கடுத்த தாளையும் சேர்த்து, எழுதியது தெரியாதபடி குண்டூசியால் குத்திவிட்டேன்.

அதுதான், மகன். நீ சட்டம் போடப் போகிற கொப்பியில் இன்னொரு பக்கம் இருக்கிறது. அப்பா அந்தக் காபரேட்டரை வாங்கியது கடுகண்ணாவை ஏற்றத்துக்கு. ஏற்றத்துக்கு அது சரியான சாமான் என்று என் கையெழுத்திலேயே எழுதி வைத்திருந்தேன். அதை நான் யாருக்கும் வாசிக்கவில்லை. வெல்ல ஆசைப்பட்டேன்.

அடுத்த நாள் பூசை முடிந்து வந்து, பெரிய காபரேட்டரைப் பூட்டி, அப்பாவின் இரண்டு கூட்டாளிகளையும் ஏற்றிக்கொண்டு சோதனை ஓட்டம் போனோம். எந்த வழியால் போவது என்று சொன்னது நான். காலி வீதியால் தெஹிவளைப் பாலம் வரை, சந்திக்குச் சந்தி நின்று நின்று போகும் வழி. அதில் என்ன நடக்கும் என்று எனக்கு முதல் நாளே தெரியும். ஒவ்வொரு சிக்னலிலும் கார் இருமியது. பாலத்தடியில் ஒரேயடியாக நின்றுவிட்டது. பின்னால் பஸ்கள் ஹோர்ன் அடித்தன. ஒரு கண்டக்டர் தலையை நீட்டி, "அங்கிள், தல்லு கரன்னத?" என்று தள்ளிவிட வரட்டுமா எனக் கேட்டான். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். வீட்டுக்கு வந்து சோற்றுக்கு இருக்கும்போது நான் கொப்பியைத் திறந்து முதற் பக்கத்தை இலக்கம் இலக்கமாக வாசித்தேன். கூட்டாளிகள் மேசையில் தட்டிச் சிரித்தார்கள். நீ எழும்பி நின்று கைதட்டினாய். அப்பா உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி. நீர் சொன்னது சரி" என்றார். சாப்பிட்டு முடித்து, வெயிலில் நின்று பெரியதைக் கழற்றிப் பெற்றோலில் கழுவித் துடைத்து, துணியில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்தார். கண்டிக்கு அவர் போகவில்லை. கூட்டாளிகள் வேறு காரில் போய் வந்தார்கள். கால் வலி என்று சொன்னார். அந்தக் காலத்தில் அவருக்கு ஒரு வலியும் இல்லை.

சண்டை எதுவும் நடக்கவில்லை. அதனால்தான் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். சின்னக் காபரேட்டரோடு கார் முன்னைப் போலவே ஓடியது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போனோம். ஆனால் காலிமுகத் திடலில் கடல் தெரிந்தபோது அவர் கண்ணாடியை இறக்கவில்லை. எஞ்சின் என்ன சொல்கிறது என்று அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. முதல் சில கிழமைகள் நான் காத்திருந்தேன். பிறகு காத்திருப்பதை மறந்தேன். நீ வளர்ந்தாய், பல்கலைக்கழகம் போனாய், வெளிநாடு போனாய். பெற்றோல் வரிசைக் காலத்தில் கார் மாதக் கணக்காக நின்றது. பிறகு அப்பாவின் முழங்கால் உண்மையாகவே பழுதாகி, கிளச்சை மிதிக்க முடியாமல் போனது. சொல்லிவிடலாம் என்று இடைக்கிடை நினைப்பேன். இவ்வளவு காலம் கழித்து எதற்கு என்று விட்டுவிடுவேன். நிச்சயதார்த்தத்தன்று நீ அந்தக் கதையிலிருந்துதான் உன் வாழ்க்கை தொடங்கியது என்று சொன்னபோதுதான், நான் குத்திய குண்டூசி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று விளங்கியது.

நீ திரும்பிப் போய் இரண்டாம் நாள், காலைத் தேத்தண்ணி குடிக்கும்போது கொப்பியைக் கொண்டுபோய் அவர் முன் வைத்தேன். குண்டூசி துருப்பிடித்திருந்தது. கழற்றியபோது தாளும் கொஞ்சம் கிழிந்தது.

"இதில இன்னொரு பக்கம் இருக்கு. நான் அண்டைக்கு வாசிக்கேல்ல" என்றேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். ஆறு வரிதான். ஆனால் நெடுநேரம் வாசித்தார்.

"இது பிறகு ஒருநாள் எடுத்ததோ?"

"இல்ல. அதே பின்னேரம்."

"அப்ப, தெஹிவளைக்குப் போகேக்க உமக்குத் தெரியும்."

"தெரியும்."

அவர் கொப்பியை மூடி மேசையில் நேராக வைத்தார். "பிள்ளை கைதட்டினவன்" என்றார். சேர்ட்டை மாற்றிக்கொண்டு, அந்த முழங்காலோடு பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. நான்கு நாட்கள் "உப்பு", "கதவு", "போன் அடிக்குது" என்பவற்றுக்கு மேல் எங்களுக்குள் பேச்சில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். "ம்" என்றார். உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், அந்த நான்கு நாளும் எனக்குப் பயமாக இருந்தது. இந்த வயதில் ஒருவர் மனம் விட்டுப்போனால் திரும்பி வர நாள் இருக்குமோ தெரியாது.

ஐந்தாம் நாள் ஹாஷிம் நானா வந்து வாசலில் நின்றார். அவரை உனக்குத் தெரியும், கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருப்பவர், பச்சைக் காரின் வைத்தியர், அப்பாவை மாஸ்டர் என்று கூப்பிடுபவர். அப்பா அன்றைக்கு நேரே அவரிடம்தான் போயிருக்கிறார். நானா அலுமாரிக்கு மேலிருந்து பொட்டலத்தை இறக்கிப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்ல சாமான். மாஸ்டர் பூட்டச் சொல்றார், பூட்டிக் குடுக்கிறேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தங்கச்சி, ரெண்டும் நல்லதுதான். பெரிசு மலைக்கு, சின்னது டவுனுக்கு. இதுக்குப் போய் இருவது வருசமா சண்ட புடிக்கிறதா?" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிய ஆறு மணிக்குப் புறப்பட்டோம். காரை ஓட்டியது நான். கொழும்பைத் தாண்டும் வரை அது இருமி இருமித்தான் போனது. கண்டி வீதியில் கொஞ்சம் இடம் கிடைத்ததும் குரல் மாறியது. அப்பா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கடுகண்ணாவை ஏற்றம் தொடங்கும் இடத்தில் எனக்கு முன்னால் ஒரு மணல் லொறி ஊர்ந்துகொண்டிருந்தது. நான் அதன் பின்னாலேயே போவதென்று நினைத்தேன்.

"மூண்டாம் கியரில போடும்" என்றார் அப்பா.

"முன்னுக்கு வளைவு இருக்கு."

"அது எனக்குத் தெரியும். வளைவு கழியட்டும். இப்ப இல்ல. இப்ப இல்ல. ஆ, இப்ப. மிதியும்."

மிதித்தேன். மகன், அந்தக் கார் நம்மிடம் வந்த காலத்திலிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் அதில் கேட்டதில்லை. அடிவயிற்றிலிருந்து காற்றை இழுத்துக்கொண்டு அது ஏறியது. லொறி பின்னால் போனது. அடுத்த வளைவும் அதற்கடுத்ததும் ஒரே மூச்சில் வந்தன. அப்பா முன்னால் சாய்ந்து, இரண்டு கையையும் டாஷ்போட்டில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அவருடைய இடது கால் தன்பாட்டில் கிளச்சைத் தேடித் தேடி அமுக்கிக்கொண்டிருந்தது. அவர் பக்கத்தில் கிளச் இல்லை. நான் அதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு றோட்டை மட்டும் பார்த்தேன்.

மேலே ஒரு கடையில் நிறுத்திப் பிளேன்ரீ குடித்தோம். கீழே பள்ளத்தாக்கில் பனி கலையத் தொடங்கியிருந்தது. "நல்லா இழுக்குது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அண்டைக்கு நானே ஓட்டிக்கொண்டு வந்திருப்பன்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "ஓம்" என்றேன். நான் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் வழி இல்லை. அவருக்குரிய ஏற்றத்தை நான் ஓட்டினேன், அவர் பக்கத்தில் இருந்து கேட்டார். கிடைத்தது அவ்வளவுதான். ஆனால் திரும்பி வரும்போது பொரளைச் சந்திச் சிக்னலில் கார் இருமி நின்றுவிட, பின்னால் எல்லாரும் ஹோர்ன் அடிக்க, அவர் வாய்விட்டுச் சிரித்தார். "உம்மட முதற் பக்கமும் சரியப்பா" என்றார்.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்குக் கொஞ்சம் குறைந்துவிட்டது. இருந்தாலும் தாய் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். நீயும் தர்ஷினியும் படித்தவர்கள். இருவருக்கும் அளக்கத் தெரியும். நீங்கள் சண்டை பிடிப்பீர்கள், இலக்கங்களோடு பிடிப்பீர்கள். நீ பொய் சொல்ல மாட்டாய் என்று எனக்குத் தெரியும். நானும் அன்றைக்குப் பொய் ஒன்றும் சொல்லவில்லை. நான் வாசித்த ஒவ்வொரு இலக்கமும் சரி. அவள் எந்த றோட்டுக்குக் கேட்கிறாள் என்று முதலில் கேள். அவளுக்குச் சாதகமான பக்கம் உன் கையில் இருந்தால் அதை முதலில் வாசி. நிச்சயதார்த்தத்தில் சொன்ன கதையை அவளிடம் முழுதாகத் திரும்பச் சொல். அப்பாவுக்கும் ஒரு போன் எடு. என்னைப் பற்றிக் கதைக்க வேண்டாம், கார் ஏற்றத்தில் எப்படிப் போனது என்று கேள். அவர் ஒரு மணித்தியாலம் கதைப்பார்.

இவ்வளவும் எழுதி, அனுப்புவதற்கு முன் அப்பாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். கதிரையில் உட்கார்ந்து முழுவதையும் வாசித்தார். பேனையைத் தரும்படி கேட்டார். எதையோ வெட்டப் போகிறார் என்று நினைத்தேன். ஒன்றையும் வெட்டவில்லை.

"வெல்ல ஆசைப்பட்டேன் எண்டு மட்டும் எழுதியிருக்கிறீர். ஏனெண்டு எழுதேல்ல."

"அது வேண்டாம், விடுங்கோ."

"நான் சொன்னதையும் எழுதும். அதை விட்டா இதுவும் அரைவாசிக் கடிதம்தான்."

நான் மாட்டேன் என்றேன். அவர் விடவில்லை. ஆகவே அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். நான் அளப்பதற்கு முந்திய கிழமை, அந்த இரண்டு கூட்டாளிகளும் வீட்டுக்கு வந்திருந்தபோது, பெரிய காபரேட்டர் டவுன் ஓட்டத்துக்குச் சரிவராது என்று நான் சாதாரணமாகத்தான் சொன்னேன். அதற்கு அப்பா அவர்களைப் பார்த்து, "இவ ஃபேனுக்குக் காத்துப் பிடிக்கிற ஆள். எஞ்சின்ர மூச்சு இவவுக்கு எங்க விளங்கப்போகுது?" என்றார். அவர்கள் சிரித்தார்கள். நான் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றேன். அவர் அதைக் கண்டும் பின்னால் வரவில்லை.

எழுதிவிட்டேன். அவர் தாளை வாங்கி அந்த வரிகளைத் திரும்ப ஒருமுறை வாசித்துப் பார்த்தார்.

"இப்ப சரி. அனுப்பும்" என்றார்.

அம்மா